காந்தம் படாத கல்

சஹாரா ஓரத்து ஊரான தமர்தித்தில் ஒருவன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினால் போதும், எதிரில் இருப்பவன் அதை முழுசாகப் பார்க்கக்கூட மாட்டான். கை தானாகக் காந்தத்தைத் தேடிப் போய்விடும். அது அந்த ஊர் மரியாதை. வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் ஊற்றாமல் அனுப்புவது எவ்வளவு அவமானமோ, கைக்கு வந்த கல்லுக்குக் காந்தம் வைக்காமல் திருப்பிக் கொடுப்பதும் அவ்வளவு அவமானம். தேநீர்க் கடையில் ஒரு கல் சுற்றுக்கு வந்தால், பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு தரம் காந்தத்தை ஒட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்தவனிடம் தள்ளுவார்கள். அதான் முதல் ஆளே வைத்துப் பார்த்துவிட்டானே, நீ வேறு எதற்கு என்று யாராவது கேட்டால், கேட்டவனுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சஹாராவில் கறுப்புக் கல்லுக்கா பஞ்சம்? வானத்திலிருந்து விழுந்த கல்லில் பெரும்பாலும் இரும்பு இருக்கும், காந்தத்தில் ஒட்டும். ஒட்டினால் வானம், விற்றால் காசு; ஒட்டாவிட்டால் தரை. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் அந்த ஊரில் பாதி அடுப்பு எரிகிறது.

பஸ்ஸூ இந்த மரியாதையில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. அவன் நடைத்தடியின் நுனியில் ஒரு பெரிய காந்தம். குனியாமலே தரையைத் தடவிக்கொண்டு போகலாம். கழுத்தில் தோல்கயிற்றில் ஒன்று. இரண்டும் தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில், எப்போதோ ஒருநாள் தலைப்பாகைத் துணியின் முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றை வைத்து மனைவி இஸ்ஸாவைத் தைக்கச் சொல்லியிருந்தான். இவ்வளவும் போதாதென்று, கல்யாணத்தன்று மணப்பெண்ணின் தோளில் குத்தியிருந்த வெள்ளி ஊசிக்கும் காந்தம் வைத்துப் பார்த்தவன் அவன். சும்மா விளையாட்டுக்குத்தான் வைத்தான். பாவி ஊசி, டக்கென்று ஒட்டிக்கொண்டது. சுத்த வெள்ளி என்று ஏழு கிராமத்துக்கும் சொல்லி வைத்திருந்த மாமியார் அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர்தான், சாகும்வரை மருமகனிடம் நேராகப் பேசவில்லை. இஸ்ஸா பேசினாள். இருபத்தைந்து வருஷமாக அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட பஸ்ஸூவின் வீட்டுக்கு, வசந்தம் முடியும் சமயத்தில் அவன் அக்கா மகள் யெத்தோ வந்தாள். காஸாபிளாங்காவில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறவள். படிப்பே வானத்துக் கற்களைப் பற்றித்தான். வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இஸ்ஸா சுடச்சுட அரீரா சூப்பை ஊற்றி வைத்தாள். பெண் கரண்டியைத் தொடவில்லை.

"எல்லாம் போச்சு மாமா."

"என்னடி போச்சு? நான் குடுத்தனுப்பின கல்லு போலியா?"

"கல்லு அசல்தான். அதோட ஞாபகம்தான் போச்சு."

"நம்ம வீட்ல ஞாபகம் போனது கல்லுக்கு மட்டுமா?" என்றாள் இஸ்ஸா. "உங்க மாமாவைச் சந்தைக்கு அனுப்பிப் பாரு, புதினா வாங்கப் போவார், ஆணி வாங்கிட்டு வருவார்."

பஸ்ஸூ அவளைக் கண்ணாலேயே அடக்கப் பார்த்தான். அது என்றைக்கு நடந்தது, இன்றைக்கு நடக்க!

அந்தக் கல் முந்தைய வருஷம் கிடைத்தது. எல்லைக் குன்றுகளுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டவெளியில் வெளிர்நிறத்தில், பச்சைப் படிகம் தெறித்த துண்டுகள் கிடந்தன. காந்தத்தில் சரியாக ஒட்டவில்லை. பலர் தூக்கி எறிந்தார்கள், சிலர் சந்தேகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸூ ஒரு துண்டை யெத்தோவிடம் கொடுத்தபோது, கொடுக்கிற கையோடு கழுத்துக் காந்தத்தை வைத்துத் தேய்த்து, "பாரு, ஒட்ட மாட்டேங்குது! என்ன திமிரு பாரு!" என்று சிரித்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"மாமா, இந்தக் கிண்ணத்தை இப்படியே ஆற விட்டா என்னாகும்?"

"உங்க அத்தை திட்டுவா."

"அதுக்கு முன்னாடி?"

"மேல ஆடை படியும்."

"அதேதான். பூமி உருவாகி முடியறதுக்கு முன்னாடியே சூரியனைச் சுத்திச் சின்னச் சின்ன உலகங்க இருந்துச்சு. சிறுகோளுங்க. அதுங்க உள்ளேயே கதிரியக்கச் சூடு. அந்தச் சூட்டுல உருகி, லேசா இருந்த குழம்பு மேல வந்து, ஆறி, ஆடையாப் படிஞ்சுது. அந்த முதல் மேலோடுதான் நீங்க குடுத்த கல்லு. நம்ம பூமியோட எந்த மலையை விடவும் வயசு அதிகம்."

பஸ்ஸூ கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். அதற்குள் லேசாகச் சுருங்கிய ஆடை ஒன்று படிய ஆரம்பித்திருந்தது.

"மிச்ச உலகம் எங்கடி போச்சு?"

"மோதி உடைஞ்சுது. பெரிய கோளுங்க முழுங்கிடுச்சு. பூமியும் முழுங்கியிருக்கும். அந்த மாதிரி மேலோடு கிடைக்கறதே அபூர்வம் மாமா."

"அப்ப நாம அது மேலதான் உக்காந்திருக்கோமா?" என்று இஸ்ஸா பாயைத் தட்டிக் கேட்டாள்.

"கொஞ்சம் அப்படித்தான் அத்தை."

யெத்தோ கரண்டியை எடுத்தாள், மறுபடி வைத்துவிட்டாள். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆடைக்குக் கீழ, நடுவயித்துல, இரும்பு உருகிச் சுழண்டுச்சா இல்லையா? சுழண்டிருந்தா அந்த உலகமே ஒரு காந்தம். மேலோடு ஆறும்போது அந்தக் காந்தத்தோட திசையை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கும். நானூத்தம்பது கோடி வருஷம் மறக்காம வெச்சிருக்கும். வானத்துல எரிஞ்சு விழுந்தப்பகூட மேல் தோலுதான் கருகும், உள்ள மறக்காது. அப்புறம் நம்ம ஊர்க்காரங்க கையில மாட்டுச்சு. ஒரே ஒரு காந்தம் வெச்சாங்க. அவ்வளவுதான், துடைச்சு வெச்ச மாதிரி ஆயிடுச்சு. நான் சோதிச்ச அத்தனை கல்லும் ஒரே பதிலைத்தான் சொல்லுது மாமா. ரிஸ்ஸானி சந்தையில விக்கிற சீனாக் காந்தம்னு சொல்லுது!"

சிரிப்பு வரவேண்டிய இடம். யாருக்கும் வரவில்லை.

"இலையுதிர் காலத்துல வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துல எனக்கு ஒரு முறை ஒதுக்கியிருக்காங்க. காந்தம் படாத கல்லு ஒண்ணு கொண்டுபோகணும். வெறுங்கையோட போய் நின்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என் ஆராய்ச்சி அதோட முடிஞ்சுது."  கலங்கிய கண்ணை மறைக்கத்தான் ஆடை படிந்த சூப்பை அவசரமாகக் குடித்தாள்.

பஸ்ஸூ கழுத்துக் காந்தத்தைச் சட்டைக்குள் தள்ளி மறைத்தான். பெண்ணின் ஐந்து வருஷப் படிப்பை அவனும் அவன் கூட்டாளிகளுமாகச் சேர்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டே, தேய்த்து அழித்திருக்கிறார்கள். "நான் கொண்டாரேன்," என்றான். "அந்த வெட்டவெளியில மண்ணுக்குள்ள இன்னும் கிடக்கும். ஒரு புழுதிக் காத்து அடிச்சா மேல வரும். வல்லாஹி, காந்தம் படாம உன் கையில வெக்கிறேன்."

"சத்தியம் எல்லாம் வேணாம் மாமா. காந்தத்தைக் குடுங்க."

தடியின் நுனியைத் திருகிக் கழற்றிக் கொடுத்தான். கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்து நீட்டினான். இஸ்ஸா இரண்டையும் வாங்கி, பெரிய விருந்துக்கு மட்டும் எடுக்கிற கூஸ்கூஸ் பானைக்குள் போட்டு மூடினாள். "என் அம்மா ஊசியோட பாவம் இப்பதான் கழியுது," என்றாள் மனநிறைவோடு.

கோடையில் புழுதிக் காற்று அடித்தது. மறுநாளே பஸ்ஸூ தன் கூட்டாளி ஹத்தூவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டான். ஹத்தூவும் பஸ்ஸூவும் ஒரே நாளில் சுன்னத் செய்யப்பட்டவர்கள். அன்றிலிருந்தே யார் அதிகம் அழுதது என்று தகராறு.

"தடி நுனியைக் காணோமே?" என்றான் ஹத்தூ.

"வீட்ல இருக்கு."

"கழுத்துல?"

"வீட்ல."

"அடப்பாவி! கண்ணை மட்டும் ஏண்டா கொண்டாந்தே, அதையும் வீட்லயே வெச்சிட்டு வர வேண்டியதுதானே?"

ஹத்தூ சொன்னதில் நியாயம் இருந்தது. காந்தம் இல்லாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பஸ்ஸூவுக்குப் புரிந்தது. கல்லைப் பார்த்தால் கை கழுத்துக்குப் போகும், கழுத்தில் ஒன்றும் இருக்காது, கை அசடு வழிந்துகொண்டு தாடியைச் சொறியும். ஒவ்வொரு கல்லையும் உட்கார்ந்து, புரட்டி, கண்ணாலேயே பார்க்க வேண்டியிருந்தது. ஹத்தூ தூரத்தில் தடியால் தடவிக்கொண்டே தெம்மாங்கு பாடிக்கொண்டு போனான்.

மதியத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. காற்று மண்ணை வழித்துவிட்ட ஒரு பள்ளத்தில், மெத்ஃபூனா ரொட்டி மாதிரி வட்டமாக, தடியாக, முழுசாக ஒரு கல். ஒரு ஓரத்தில் மட்டும் மினுமினுப்பான மெல்லிய கருகல். மற்ற இடமெல்லாம் வெளிர்நிறத்தில் பச்சைப் படிகங்கள். அவ்வளவு பெரிய துண்டு யாருக்குமே கிடைத்ததில்லை. பஸ்ஸூ விரலால் ஓரத்து மண்ணைத் தள்ளிப் பார்த்தான். யா அல்லாஹ், என்று முணுமுணுத்தான். தலையைத் தூக்கிப் பார்த்தால், ஹத்தூ தடியை நீட்டிக்கொண்டு இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தான். கூப்பிடு தூரம்கூட இல்லை.

பஸ்ஸூ யோசிக்கவே இல்லை. கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா உக்காந்துட்டே?"

"முட்டி வலி."

"சரி, எழுந்திரு. நிழலுக்குப் போவோம்."

"இங்கேயே நல்லாத்தான் இருக்கு."

"இந்த வெயில்லயா?" ஹத்தூ அவனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். "டேய், அடைகாக்கிற கோழி மாதிரியே உக்காந்திருக்கியே. என்னடா அடியில?"

"தள்ளிப் போ! அந்தத் தடியைத் தூரப் போடு! முதல்ல தடியைப் போடுடா!"

"கல்லு! கல்லு மேலதான் உக்காந்திருக்கே! என்கிட்ட மறைக்கிறியா? என்கிட்டயா?" ஹத்தூவுக்கு உண்மையாகவே மனசு புண்பட்டுவிட்டது. கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே, அவனை அறியாமல், தடி மட்டும் மெள்ளப் பஸ்ஸூவின் தொடைப் பக்கமாக நகர்ந்து வந்தது. பஸ்ஸூ இரண்டு காலாலும் தடியை உதைத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே யெத்தோவின் கதையை, சூப்பு, ஆடை, நடுவயிற்று இரும்பு எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்லி முடித்தான்.

 ஹத்தூ தடியையும் கழுத்துக் காந்தத்தையும் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"இப்ப காட்டு. ஒரே ஒரு தரம் பாக்கிறேன். என் கையை நானே பிடிச்சிட்டிருக்கேன்."

பஸ்ஸூ எழுந்தான். ஹத்தூ குனிந்து நெடுநேரம் பார்த்தான். "முழுக்கல்லுடா," என்றான் மெதுவாக. பொறாமை இல்லாமல் சொன்னான். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உடைந்த துண்டு கிடைத்தவன் ஒரு வாரம் பேசுவான். முழுக்கல் கிடைத்தவனைப் பற்றி ஊர் பேசும்.

பஸ்ஸூ தலைப்பாகையை அவிழ்த்து, கல்லைப் பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றுமேல் சுற்றாகச் சுற்றி, முனையை உள்ளே செருகி, மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தான்.

பெட்ரோலுக்காகக் கூட்டுச் சாலைத் தேநீர்க் கடையில் நின்றுதான் ஆகவேண்டும். அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். அத்தனை கழுத்திலும் காந்தம். பஸ்ஸூ வெறுந்தலையோடு, மடியில் மூட்டையோடு வந்து இறங்கியதும், பேச்சு டக்கென்று நின்றது. இருபது கண்கள் மூட்டையைப் பார்த்தன. பத்துக் கைகள் கழுத்துக்குப் போயின.

"என்ன பஸ்ஸூ அது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ரொட்டி," என்றான் பஸ்ஸூ.

"ரொட்டியா? தலைப்பாகையிலயா?"

"மெத்ஃபூனா. இஸ்ஸா சுட்டது."

ஒருவன் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். முகம் மாறியது. "இவ்வளவு கனமா இருக்கே?"

பஸ்ஸூ ஹத்தூவைப் பார்த்தான். ஹத்தூ வானத்தைப் பார்த்தான். வேறு வழியில்லை.

"அவ கைப்பக்குவம் அப்படி," என்றான் பஸ்ஸூ. "நாலு நாளா இதைத்தான் தூக்கிட்டுத் திரியறேன். பல்லு இறங்க மாட்டேங்குது."

பெஞ்சு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. கழுத்துக்குப் போன கைகள் எல்லாம் இறங்கின. ஒரு பெரியவர் எழுந்துவந்து பஸ்ஸூவின் தோளைத் தட்டினார். "பொறுமையா இரு மகனே," என்றார். தேநீர் இலவசமாக வந்தது.

அவன் வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன்பே அந்தப் பேச்சு வீட்டுக்குள் போய்விட்டது. இந்தக் காலத்தில் பேச்சுக்குக் கால் எதற்கு, எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே! இஸ்ஸா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க. பல்லு எப்படி இருக்கு?"

"இஸ்ஸா, நான் சொல்றதைக் கேளு—"

"கடைக்காரர் சம்சாரம் போன் பண்ணி எனக்கு மாவு பிசையச் சொல்லித் தர்றாளாம்! எனக்கு! என் ரொட்டியை விட்டுப் போக மனசில்லாம என் நாத்தனார் ரெண்டாவது கல்யாணத்தையே ஒத்தி வெச்சா!"

நல்லவேளையாக, புழுதிக் காற்று அடித்ததைக் கேள்விப்பட்டு யெத்தோ அன்று காலைப் பேருந்திலேயே வந்திருந்தாள். உள்ளேயிருந்து ஓடிவந்து, "கிடைச்சுதா மாமா?" என்றாள். பஸ்ஸூ பதில் சொல்லாமல் மூட்டையைப் பாயில் வைத்து, பெருமையில் விரல் தடுமாற, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். கல்லைப் பார்த்ததும் யெத்தோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர்.

"காந்தம்?"

"கிட்டகூட வரலை. ஹத்தூ கையைப் பின்னால கட்டிட்டுத்தான் பாத்தான். கேட்டுப் பாரு."

ரொட்டிக் கோபத்திலும் இஸ்ஸாவுக்கு மனசு இளகிவிட்டது. கீழே விழுந்துகிடந்த தலைப்பாகைத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே வந்தவள் முனைக்கு வந்ததும் நின்றாள். விரலால் நெருடிப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் தைச்சுக் குடுத்தேனே, அதை எடுக்கலையா?"

பஸ்ஸூவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துணி முனையை எட்டிப் பிடித்துத் தடவிப் பார்த்தான். இரண்டு காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தானே, மூன்றாவதைத் தலையிலேயே சுமந்துகொண்டு போய், தன் கையாலேயே கல்லைச் சுற்றிக் கட்டி, நாள் முழுக்க மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஊரெல்லாம் ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். இவன் கட்டிப்போட்டே கொண்டுவந்திருக்கிறான்.

"தாயி," என்றான். யெத்தோவின் பக்கம் திரும்பினான். பொத்தென்று உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டான். "நான் மனுஷனே இல்லை. உன் படிப்பை ரெண்டு தரம் கொன்னுட்டேன். ஹத்தூவோட தடியை உதைச்சேனே, என்னை உதைக்க ஒருத்தனும் இல்லாம போயிட்டானே!"

யெத்தோ அழவும் இல்லை, திட்டவும் இல்லை. துணி முனையைக் கையில் வாங்கி, அந்தப் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்னது," என்றாள் தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தாள். "மாமா, கல்லோட எந்தப் பக்கத்துல இந்த முனை இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படிச் சுத்தினீங்க?"

"சுத்தற மாதிரி சுத்தினேன்!"

"அத்தை, இந்தக் கல்லு அளவுக்கு ரொட்டி ஏதாவது இருக்கா?"

இஸ்ஸா அடுக்களைக்குப் போய், காலையில் சுட்ட மெத்ஃபூனாவைத் தட்டோடு கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள். "இந்தாங்க. உங்க கல்லு."

பஸ்ஸூ ரொட்டியை மடியில் வைத்துத் துணியைச் சுற்றப் பார்த்தான். முடியவில்லை. இடமா வலமா, மேலா கீழா, யோசிக்க யோசிக்கக் கை குழம்பியது. காலையில் கட்டிய கை இப்போது யாருடைய கையோ போல் இருந்தது.

"யோசிக்காதீங்க மாமா. கையை அதுபாட்டுக்கு விடுங்க. அத்தை, நீங்க அவரைக் கொஞ்சம் திட்டுங்களேன்."

கேட்கவும் வேண்டுமா? இஸ்ஸா கல்யாணத்தன்று ஊசியில் ஆரம்பித்தாள். ஆணி வாங்கி வந்த சந்தைக்குப் போனாள், கழுதையை விற்றுக் கடிகாரம் வாங்கியதைத் தொட்டாள், கூட்டுச் சாலையில் போன மானத்துக்கு வந்தபோது குரல் தெருவுக்குக் கேட்டது. பஸ்ஸூ தலையைக் குனிந்துகொண்டு, "சரி, சரி, ஆமா, தப்புதான்," என்று முனகிக்கொண்டிருந்தான். அவன் கை மட்டும் அமைதியாக ரொட்டியைச் சுற்றிக் கட்டி, முனையை இடது ஓரத்தில் செருகியது. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார்கள். இஸ்ஸா மறுபடி ஊசியிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடது ஓரம். மூன்றாம் தரமும் அங்கேயேதான் போய் உட்கார்ந்தது.

கல்லைக் கட்டும்போது கருகல் ஓரம் இடது பக்கம்தான் இருந்தது என்று பஸ்ஸூவுக்கு ஞாபகம் இருந்தது. யெத்தோ கல்லில் அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "பொத்தான் காந்தத்துக்குக் கை நீளம் கம்மி மாமா. இந்த ஓரம் போயிருக்கும். கல்லு அகலம். அந்தப் பக்கமும் நடுவும் பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். வெட்டி, வில்லை வில்லையா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

 முழுக்கல். அதை இன்னும் ஹத்தூவைத் தவிர ஊரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கடையில் சுற்றுக்கு விடவில்லை, ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பஸ்ஸூ அதன்மேல் கையை வைத்தான். வாழ்நாளில் இன்னொன்று கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். 

"வெட்டு," என்றான். "பாத்துட்டு இருக்காதே, என் மனசு மாறிடும். எடுத்துட்டுப் போ."

அவள் போன பிறகு பஸ்ஸூ ஒருமாதிரி ஆகிவிட்டான். கூஸ்கூஸ் பானையைத் திறந்து காந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இஸ்ஸாவே சொன்னாள், எடுக்கவில்லை. கடையில் கல் சுற்றுக்கு வந்தால் பார்த்துவிட்டு அப்படியே அடுத்தவனிடம் கொடுத்தான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ரொட்டி தின்று வந்த வியாதி என்றும் சொன்னார்கள். இஸ்ஸா ஒருநாள் ஒரு கூடை மெத்ஃபூனாவைச் சுட்டுக் கொண்டுபோய்க் கடை பெஞ்சில் வைத்து, அத்தனை பேரும் தின்று முடிக்கிறவரை இடுப்பில் கைவைத்து நின்றாள். அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பேரீச்சை அறுவடை முடிந்த பிறகுதான் யெத்தோ வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "அத்தை, அரீரா இருக்கா?" என்றாள். இஸ்ஸா ஊற்றி வைத்தாள். பெண் குடிக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸூவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கொல்றியேடி! சொல்லித் தொலை!"

யெத்தோ கரண்டியால் கிண்ணத்தின் மேலிருந்த ஆடையை மெதுவாகத் தூக்கிக் காட்டினாள். "இடது ஓரத்து வில்லை எல்லாம் சந்தைக் காந்தம். பளிச்சுனு, நீங்க முனையைச் செருகின இடத்தையே காட்டுது. உள்ள போகப் போகக் குறையுது. நடுவுக்கு வந்தா..." அவளால் அதற்குமேல் முகத்தை அடக்க முடியவில்லை, சிரிப்பு உடைத்துக்கொண்டு வந்தது. "நடுவுக்கு வந்தா அது இல்லை மாமா! வேற ஒண்ணு. ரொம்ப லேசா, ஆனா எல்லா வில்லையும் ஒரே பக்கம் கை காட்டுது. பூமியோடதும் இல்லை. அந்த மேலோட்டுக்குக் கீழ இரும்பு சுழண்டிருக்கு. அந்த உலகத்துக்கு இதயம் இருந்திருக்கு. கல்லு மறக்கலை!"

இஸ்ஸா குலவை போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி என்ன கல்யாணம் என்று கேட்டு எட்டிப் பார்த்தாள். பஸ்ஸூ சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். யெத்தோ பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவன் கையில் வைத்தாள். உள்ளே, விரல் தடிமனில் ஒரு வில்லை. ஒரு பக்கம் வழவழப்பாக அறுத்தது, ஓரத்தில் மெல்லிய கருகல்.

"இது இடது ஓரம். எனக்கு உதவாது. உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்."

"நான் கெடுத்த துண்டா?"

"ஆமா. இதுல அந்த உலகம் இல்லை. நீங்கதான் இருக்கீங்க. அன்னிக்கு இதை எப்படி மடியில வெச்சுக் கொண்டாந்தீங்கன்னு இந்தக் கல்லுக்குத் தெரியும்."

பஸ்ஸூ வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பச்சைப் படிகங்கள் மின்னின. "எவ்வளவு நாளைக்கு வெச்சிருக்கும்?"

"இதுவும் மறக்காது மாமா. கோடி கோடி வருஷத்துக்கு வெச்சிருக்கும். வேற எவனாவது வந்து காந்தம் வெச்சாத்தான் போகும்."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. "என்னடா குலவை? பொண்ணு வந்திருக்கா? கல்லு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஹத்தூ உள்ளே வந்தான். பஸ்ஸூவின் கையில் ஏதோ மின்னுவதைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. "அட, கல்லா? எங்கே, காட்டு," என்றான். சொல்லும்போதே கை கழுத்துக் கயிற்றுக்குப் போய்விட்டது.

பஸ்ஸூ அவசர அவசரமாக வில்லையைப் பாயில் வைத்தான். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"முட்டி வலிடா," என்றான்.